ஒன்பதாவது சோம்பேறி

செலெடோனியோவால் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார முடியாது. உலகத்திலேயே மெதுவாக நகரும் விலங்குக்குக் காவல் இருக்கும் வேலையை ஊர் அவனுக்குத்தான் கொடுத்திருந்தது.

கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. எஸ்குடோ தீவில், உப்புநீரில் வளரும் கண்டல் மரங்கள் சூழ்ந்த ஓடையின் வாயருகே ஐந்து குடிசைகள். கடல் அடங்கும் மாதங்களில் சிங்கி இறாலுக்கு முக்குளிக்க வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள்; காற்று திரும்பினால் ஓடத்தில் இன்ஜினைப் பூட்டிக்கொண்டு எதிர்க்கரையிலுள்ள தங்கள் ஊரான குசாபினுக்குப் போய்விடுவார்கள். செலேயும் (முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்தக் கரையில் யாருக்கும் பொறுமை கிடையாது) அவன் மனைவி தொரிபியாவும் திரும்புவதை வருஷாவருஷம் தள்ளிப்போட்டுக் கடைசியில் மறந்தே போனார்கள். இப்போது நினைத்தாலும் முடியாது. ஊரில் இருந்த வீட்டில் தொரிபியாவின் அக்கா குடும்பம் குடியேறி ஆறு வருஷமாகிறது. அக்காவைக் கிளப்பப் புயலாலும் முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன் ஆழத்தில் செலேயின் இடது காது கிழிந்தது. அதுவரை அவனுடைய ஓட்டத்தைக் கடல் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு கரை தின்ன வேண்டியதாயிற்று. காலையில் கூரையில் ஏறி ஓலையைத் திருப்பிப் போடுவான், மத்தியானம் அதே ஓலையைப் பழையபடி வைப்பான். மிச்ச நேரமெல்லாம் கண்டல் வெட்டினான். மீனுக்குப் புகை போட அதைப்போல விறகு கிடையாது. ஆகவே, போன வருஷம் ஊர்ப் பேரவையில், "இந்தக் கண்டல் காடு யாருக்கு நல்லாத் தெரியும்?" என்று கேட்டபோது எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அதிகம் வெட்டினவனே காவலாளி ஆனான். மாதச் சம்பளமும், நெஞ்சில் முத்திரை குத்திய ஒரு சட்டையும் கொடுத்தார்கள்.

காக்க வேண்டியது, அந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லாத ஒரு குள்ள இனம். அசையாக்கரடி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. கரடியும் அல்ல, அடியோடு அசையாததும் அல்ல. பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. கைக்கு மூன்று நகம். நெற்றிமேல் தொப்பி கவிழ்த்தாற்போல் முடி. மழை பிடித்தால் முதுகில் பாசி ஏறிப் பச்சையாகிவிடும். கண்டல் இலைகளைத் தின்று கண்டல் கிளையிலேயே தூங்கும். தீவில் அதற்குப் பெயர் சோம்பேறி. திட்டு அல்ல, பெயர்தான்.

பேரவையின் ஒப்பந்தம் சுருக்கமானது. பச்சைக் கண்டலில் கத்தி படக்கூடாது. ஓடையோரக் காட்டில் சோம்பேறிகள் குறையக்கூடாது. குறைந்தால் மனிதர்கள் இருப்பதால்தான் குறைந்தது என்று பொருள். ஐந்து குடிசையையும் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். போன அக்டோபரில் செலே எண்ணிச் சொன்னது ஒன்பது. இந்த அக்டோபரிலும் ஒன்பதாவது இருந்தாக வேண்டும். தலைநகரிலிருந்து டாக்டர் இட்செல் வந்து சரிபார்ப்பார்.

டாக்டர் வர இரண்டு நாள் இருந்தது. ஆறு நாள் சுற்றியும் செலேயின் கணக்கு ஐந்தைத் தாண்டவில்லை.

தொரிபியா மீனுக்குப் புகை போடும் பரணுக்கு அடியில் தேங்காய் மட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கண்டல் வெட்டத் தடை வந்த பிறகு மட்டையும் கடல் ஒதுக்கிய கட்டையும்தான் விறகு. அதில் புகையைவிடக் கண்ணீர் அதிகம் வந்தது.

"என்ன, இன்னிக்கும் அஞ்சுதானா?"

"அஞ்சு நிச்சயம். ஆறாவதா ஒண்ணு இருந்துச்சு. கிட்டப் போனா கறையான் கூடு."

"போனியா, பாஞ்சியா?"

"ஓடம் ஆடிக்கிட்டே இருக்கு. எப்படிப் பார்க்கறது?"

"ஓடம் சும்மா ஆடுமா? உள்ள நீ இருக்க, ஆடுது."

கண்டல் இலைக்கும் சோம்பேறிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் பார்க்கிறவன் கொஞ்ச நேரம் இலையாக வேண்டும். செலே அலையாகத்தான் இருந்தான். அவன் வருகிற சத்தம் கேட்டால் சோம்பேறிகள் ஓடிப்போகும் என்பதல்ல. அவற்றுக்கு ஓடத் தெரியாது. கிளையோடு கிளையாக முகத்தைக் கவிழ்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அவன் துடுப்பை நாலு வீச்சு வீசி அடுத்த மரத்துக்குப் போயிருப்பான்.

"ஒம்பது வேணும் தொரிபியா."

"எனக்கு ஒண்ணும் வேணாம். குடிசை வேணும்," என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே அவன் கூட்டுவேலைக்கு அழைத்தான்.

அந்தக் கரையில் ஒருவன் தன்னால் முடியாத வேலைக்கு அக்கம்பக்கத்தை அழைப்பது புதிதல்ல. வீடு எழுப்ப, புதர் வெட்ட, ஓடத்தைக் காட்டிலிருந்து இழுத்துவர, எல்லாவற்றுக்கும் கூட்டுவேலைதான். வந்தவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். அழைத்தவன் அடுப்போடு இருந்து சமைத்துப் போட்டு, சோளக் கள் ஊற்ற வேண்டும். அவன் வேலையில் கைவைத்தால் வந்தவர்களுக்கு அவமானம்.

"நாளைக்குக் கூட்டுவேலை. சோம்பேறிக்காக," என்று குடிசை குடிசையாகச் சொன்னான்.

தொரிபியாவின் தம்பி போர்பிரியோ ஊஞ்சல் வலையில் கிடந்தபடி ஒரு கண்ணைத் திறந்தான். "எதுக்கு மச்சான், அதுக்கு வீடு கட்டணுமா?"

"எண்ணணும்டா. என் ஒருத்தனால முடியல."

"எத்தன வேணும்?"

"ஒம்பது. ஒம்பதுக்குக் குறைஞ்சா நாம எல்லாரும் மூட்டை கட்டணும்."

"அவ்வளவுதானா? இதுக்கா ஆறு நாளா அல்லாடற?"

செலேக்கு உயிர் வந்தது. ஆளுக்கொரு மூலையாகப் பார்த்துவிட்டு வந்து எண்ணிக்கையைச் சொல்வார்கள், தான் கூட்டிக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தான். சம்பளம் வாங்கும் ஆள் ஆன ஒரு வருஷத்தில் தன் ஜனங்கள் எப்படி எண்ணுவார்கள் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. அங்கே எண்ணுவது என்றால் குவித்து எண்ணுவது. தேங்காயை மரத்தில் வைத்து யாரும் எண்ணுவதில்லை. வீட்டுக்கு நாற்பது கம்பு வேண்டும் என்று அழைத்தால், காட்டில் நாற்பது கம்பு நிற்கிறது, பார்த்துவிட்டு வந்தோம் என்று சொல்லிச் சாப்பிட உட்காருகிறவனுக்கு எந்த வீட்டிலும் இலை போடமாட்டார்கள்.

விடிந்ததும் ஆறு ஓடங்கள் போயின, பதினாறு பேர். செலே அடுப்பங்கரையில் மாட்டிக்கொண்டான். தேங்காய்ப் பாலில் மீன் கொதித்தது. வாழைக்காயும் ஈரப்பலாவும் வெந்தன. அவன் ஒரு கிண்டு கிண்டுவான், கரைக்குப் போய்ப் பார்ப்பான், திரும்பி வந்து இன்னொரு கிண்டு. ஈரப்பலா கூழாகிக்கொண்டிருந்தது.

"நீ கிண்டாம இருந்தாலே அது வெந்துடும்," என்றாள் தொரிபியா.

உச்சி வேளைக்கு முதல் ஓடம் திரும்பியது. முன்பக்கத்தில் போர்பிரியோ நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது, அவனால் குனிய முடியவில்லை. நெஞ்சில் ஒரு சோம்பேறி நாலு கையும் போட்டு அவனைக் கட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இன்னொன்று அவனுடைய துடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் தொங்கியது. ஓடத்தை அவன் கையாலேயே அளைந்துகொண்டு வந்திருக்க வேண்டும்.

அடுத்த ஓடத்தில் சிங்கிக் கூடைக்குள் மூன்று. அதற்கடுத்ததில் ஒரு பெண் தன் நீண்ட அங்கியின் மடியில் குட்டியோடு ஒன்றைச் சுமந்து வந்தாள். அங்கி கிழிந்திருந்தது, ஆனால் அவள் முகத்தில் வருத்தமில்லை.

"பதினாலு மச்சான்! குட்டியச் சேர்க்கல," போர்பிரியோ கரையிலிருந்தே கத்தினான். "அஞ்சு கூடவே இருக்கு. மிச்சத்த அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்க!"

செலேயின் கையிலிருந்த அகப்பை அடுப்பில் விழுந்தது.

"எங்கடா பிடிச்சீங்க இதெல்லாம்?"

"எங்கயா? தீவுலதான். நான் ரெண்டாவது ஓடையில. இவ வடக்கு முனையில. கடலக் கடந்தா போனோம்?"

"எண்ணத்தானடா சொன்னேன்!"

"எண்ணியாச்சே. பதினாலு."

அவர்கள் வேலையை அரைகுறையாக விடுகிறவர்கள் அல்ல. பதினாலையும் ஓடையோரக் கண்டலில் ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்டினார்கள். கிளையைச் சரியாகப் பிடித்துவிட்டதா என்று பார்த்து, தலையில் தட்டிக்கொடுத்து, அதற்குப் பிறகே கை கழுவினார்கள். செலே முட்டு வேர்களுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் அங்குமிங்கும் ஓடினான். எதைப் பிடித்து எங்கே கொண்டுபோவது?

"எடுத்த இடத்துலயே கொண்டுபோய் விட்டுடுங்கடா. இப்பவே!"

"சாப்பிட்டுட்டு," என்றார்கள்.

கூட்டுவேலைக்கு வந்தவனைப் பட்டினியாக எழுப்பினவன் அந்தக் கரையில் அடுத்த முறை ஆள் தேட முடியாது. செலே பரிமாறினான். ஒரு தட்டு வைப்பான், கண்டலைப் பார்ப்பான்.

இரண்டாவது சுற்றுக் கள் ஊற்றும்போது இன்ஜின் சத்தம் கேட்டது. கடல் பொங்கப்போகிறது என்று வானிலையில் சொன்னதால் டாக்டர் இட்செல் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி வந்துவிட்டார்.

அவர் படகு குடிசைப் பக்கம் வரவில்லை. ஓடை வாயில் இன்ஜினை நிறுத்தியது. செலே நீந்தாத குறையாக அங்கே போய்ச் சேர்ந்தான். பின்னாலேயே போர்பிரியோ, கையில் தட்டுடன். டாக்டர் எழுந்து நின்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"செலே, பதினொண்ணு எண்ணிட்டேன். இன்னும் இருக்கு. இவ்வளவு நெருக்கமா நான் எங்கயும் பார்த்ததில்ல. எப்படிக் காப்பாத்தினீங்க?"

செலே வாயைத் திறந்தான். தண்ணீர்தான் வந்தது.

"இப்ப ஒண்ணு செய்யணும்," டாக்டர் வேகமாகப் பேசினார். "இத அப்படியே மூடிடணும். இது சாதாரண இடமில்ல. இங்க மனுஷ வாடையே படக்கூடாது. குடிசைங்கள வேற தீவுக்கு மாத்தச் சொல்லி நானே பேரவைக்கு எழுதறேன்."

போர்பிரியோ மெல்லுவதை நிறுத்தினான். "அப்ப, குறைஞ்சாலும் கிளம்பணும், கூடினாலும் கிளம்பணுமா?"

டாக்டர் அதைக் கேட்கவில்லை. கண்ணைச் சுருக்கி ஒரு கிளையைப் பார்த்தார். "அது கையில என்ன?"

போர்பிரியோ தட்டைக் கீழே இறக்கினான்.

"துடுப்பு," என்றான். "என்னோடதுதான் டாக்டர். விடமாட்டேங்குது."

செலே எல்லாவற்றையும் சொன்னான், தண்ணீரில் நின்றபடி, தொடக்கத்திலிருந்து. சொல்லச் சொல்ல டாக்டர் படகில் உட்கார்ந்துகொண்டார். கத்துவார் என்று செலே எதிர்பார்த்தான்; கத்தியிருந்தால் தேவலை.

"வயித்தப் பிடிச்சுத் தூக்கினீங்களா?"

"சிலத," என்றான் போர்பிரியோ.

"அது கத்தாது. கடிக்கவும் பார்க்காது. அதனால அதுக்குப் பயமே இல்லன்னு நாம நினைச்சுக்கறோம்." நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டார். "எத எந்த மரத்துலேர்ந்து எடுத்தீங்கன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

"இருக்கான்னா? நான் எடுத்தது எனக்குத் தெரியாதா?" போர்பிரியோவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எந்த ஓடை, எத்தனையாவது மரம், மேற்குக் கிளையா கிழக்குக் கிளையா, அப்போது அது தின்றதா தூங்கியதா என்பதுவரை. டாக்டர் எழுதிக்கொண்டே போனார். நடுவில் ஒரு தடவை பேனாவை நிறுத்தி, இரண்டாவது ஓடையில் இருப்பதாக எந்த அறிக்கையிலும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் சிரிக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே பதினாலும் அதனதன் மரத்துக்குத் திரும்பின. வயிற்றைத் தொடாமல், தென்னை மட்டையைப் பிடிக்கவைத்து, மட்டையோடு தூக்கிப் போனார்கள். போர்பிரியோவினது மட்டும் துடுப்போடு போயிற்று.

மறுநாள் முழுக்க ஓடைக்குள் யாரும் போகக்கூடாது என்றார் டாக்டர். மிச்சமிருப்பவை அடங்கட்டும். அந்த ஒரு நாளில் செலே தன் குடிசையின் நாலு மூலைக் கம்பையும் இறுக்கிக் கட்டினான். பிரிக்க நேரலாம் என்று தெரிந்தும் தொரிபியா கயிறு எடுத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் காலை எண்ணிக்கை. படகில் டாக்டர், செலே, காப்பி கொண்டுவந்த தொரிபியா. கடல் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கடித்தன. செலே அடித்துக்கொண்டான், சொறிந்துகொண்டான், இடம் மாறி உட்கார்ந்தான். ஒவ்வொரு தடவையும் படகு தள்ளாடியது. டாக்டரின் தொலைநோக்கி வானத்தைப் பார்த்தது.

"செலே, ஒரு உதவி செய்யறீங்களா?"

"சொல்லுங்க டாக்டர்."

"இறங்கிடுங்க."

அவன் வேர்மேல் ஏறி நின்றான். படகு அடங்கியது. ஒரு மணி நேரத்தில் ஐந்து வந்தன, அவனுடைய அதே ஐந்து. அதற்குமேல் டாக்டருக்கும் எதுவும் தெரியவில்லை. தொரிபியா காப்பிக் குவளையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அந்த வளைஞ்ச மரத்துல உச்சியில ஒண்ணு இருக்குமே, அத எண்ணிட்டீங்களா?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். இருந்தது.

"அதுக்குக் கீழ, தண்ணி ஓரமா ஒரு கிழம். அது வெயில் வந்தாத்தான் தலையத் தூக்கும். அப்புறம் குட்டிக்காரி ஒருத்தி. இப்பக் குட்டி இல்ல, தனியாப் போயிடுச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மீன் கருகாமப் பார்க்கணும்ல? நாள் பூரா பரணண்டதான் உக்காந்திருக்கேன். எதுக்க இதுங்கதான் இருக்கு. வேற எதப் பார்க்கறது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?" செலே வேர்மேலிருந்து கத்தினான்.

"நீ எப்ப நின்னு கேட்ட?"

எட்டு. பகல் முழுக்கத் தேடினார்கள். ஓடைநீர் வற்றி மறுபடி ஏறியது. எட்டுதான்.

கரையில் ஐந்து குடிசை ஜனமும் காத்திருந்தது. டாக்டர் நோட்டைத் திறந்தார். "போன வருஷம் ஒம்பது. இந்த வருஷம் எட்டு. நான் எட்டுன்னுதான் எழுத முடியும்," என்றார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. போர்பிரியோ போய்த் தன் ஊஞ்சல் வலையை அவிழ்க்க ஆரம்பித்தான்.

செலே கரையில் மேலும் கீழும் நடந்தான். அந்த ஒன்பதைப் பற்றி அவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. பத்து மாதமாக அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தான். சொன்னால் குடிசை நிற்கலாம். சட்டை நிற்காது. காது போன பிறகு, இப்போ என்ன வேலை பார்க்கிறே என்று யாராவது கேட்டால் சொல்ல அவனிடம் இருந்த ஒரே பதில் அந்தச் சட்டைதான்.

ஐந்தாவது நடையில் டாக்டருக்கு எதிரே போய் நின்றான்.

"போன வருஷம் எட்டுதான் டாக்டர்."

"என்ன?"

"நான் எடுத்த போட்டோவெல்லாம் உங்ககிட்ட இருக்குல்ல? மூணாவதையும் ஏழாவதையும் பாருங்க. எடது கைய."

டாக்டர் தேடி எடுத்தார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் இடது கையில் நடு நகம் இல்லை.

"காலையில ஓடை வாயில பார்த்தேன். அப்புறம் ஓடத்த எடுத்துக்கிட்டுத் தீவ ஒரு சுத்து சுத்தினேன். சாயங்காலம் திரும்பி வந்தா உள்பக்கம் ஒண்ணு இருந்துச்சு. புதுசுன்னு எழுதிட்டேன். நான் சுத்திட்டு வர்றதுக்குள்ள அது நேரா நடந்து வந்திருக்கு."

போர்பிரியோவால் அடக்க முடியவில்லை. "மச்சான், அது உன்ன முந்திடுச்சா!"

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?" டாக்டர் கேட்டார்.

"டிசம்பர்ல. படத்தத் திரும்பப் பார்த்தப்ப."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எண்ணற வேலைய எனக்கே வெச்சிருப்பீங்களா?"

டாக்டர் ஒன்பதை அடித்து எட்டாக்கிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு படத்தையும் சேர்த்துப் பேரவைக்கு அனுப்புவதாகச் சொன்னார். குறையவில்லை என்பது அவர் முடிவு. மேற்கொண்டு பேரவையின் பாடு. பிறகு செலேயைப் பார்த்தார்.

"உண்மையச் சொன்னது பெரிய விஷயம். ஆனா இனிமே எண்ணறத உங்ககிட்ட விட முடியாது. புரியுதா?"

"புரியுது."

"யார்கிட்ட விடறது?"

தொரிபியா இந்தப் பேச்சிலேயே இல்லை. பரணருகே உட்கார்ந்து, மீனைத் திருப்பிப்போட்டபடி, "அந்தக் கிழம் இறங்குது பாருங்க," என்றாள். எல்லோரும் கண்டல் பக்கம் திரும்பினார்கள். வெகுநேரம் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"நான் மீனுக்குப் புகை போடணும். எனக்கு நேரமில்ல," என்றாள், டாக்டர் கேட்டபோது.

"அங்கேயே உக்காந்து பாருங்க. அதான் வேலை."

"இதுக்குச் சம்பளமா?" தொரிபியாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "பதினாறு வருஷமா சும்மா பார்த்திருக்கேனே!"

கடல் பொங்கி அடங்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு வந்த ஓடத்தில் பேரவையின் பதில் வந்தது: குடிசைகள் இருக்கலாம், ஒப்பந்தமும் அப்படியே இருக்கும், அடுத்த அக்டோபரில் எட்டு. போர்பிரியோ ஊஞ்சல் வலையைத் திரும்பக் கட்டினான். செலே கடற்கட்டை பொறுக்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டான். ஒரு நாளைக்குத் தீவை இரண்டு சுற்று சுற்றினான். அடுக்கிவைக்க இடமில்லாத அளவுக்கு விறகு சேர்ந்தது.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பரண் பக்கம் வந்து நிற்பான். நிற்பது என்று சொல்வது மரியாதைக்கு.

"எத்தன?"

தொரிபியா கண்டலைவிட்டுக் கண் எடுக்கமாட்டாள்.

"கேக்கறேன்ல? எத்தன?"

"ஏழு வந்திருக்கு. ஒண்ணு இன்னும் வரல."

"எங்க போச்சு? நான் போய்ப் பார்க்கட்டுமா? ஓடத்த எடுத்துக்கிட்டு ஒரே நிமிஷத்துல..."

"நீ உக்காரு. அது வரும்."

அவன் உட்கார்ந்தான். எழுந்தான். ஒரு மட்டையைத் தூக்கி அடுப்பில் போட்டான், போட்டதை வெளியே இழுத்தான்.

"வந்துச்சா?"